ஆட்டத்திற்கு முன் ஓர் ஆட்டம்

பள்ளி திறந்ததும் எங்கள் வகுப்பில் முதலில் நடப்பது வகுப்புத் தலைவி தேர்தல். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கிடைக்கும். அதில் ஒரு பெயரை எழுதி, நான்காக மடித்து, மேசைமேல் உள்ள சாக்பீஸ் டப்பாவில் போடவேண்டும். இவ்வாண்டு தேர்தலுக்கு முந்தின நாள் மாலை, போட்டியிட்ட தோழி ஒருத்தி எங்களுக்கெல்லாம் தேன் மிட்டாய் வாங்கித் தந்தாள். நாங்களும் வாங்கித் தின்றோம். மறுநாள் அவளே வென்றாள்.

தோற்ற தோழி அழுதுகொண்டே மிட்டாய் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். எங்கள் வகுப்பு சிஸ்டர் கோபிக்கவில்லை. "மிட்டாய்க்காகப் போட்டீர்களா, நல்லவள் என்று போட்டீர்களா?" என்று மட்டும் கேட்டார்கள். எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல இயலவில்லை. அவள் உண்மையிலேயே நல்லவள், கெட்டிக்காரி, மிட்டாய் தராமல் இருந்தாலும் வென்றிருப்பாள். ஆயினும் மிட்டாய் தின்றபின், எதனால் அவள் பெயரை எழுதினோம் என்பது எங்களுக்கே தெரியாமல் போய்விட்டது.

இச்சிறிய நிகழ்ச்சியை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. இதே கேள்விக்கு விடை காண முடியாமல் உலகம் முழுவதும் பல ஆண்டுகளாகத் திகைத்து நிற்கும் ஒரு தேர்தலைப்பற்றி நூலகத்தில் படித்தோம். அது உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை எந்த நாட்டில் நடத்துவது என்று தீர்மானிக்கும் தேர்தல். மைதானத்தில் நடக்கும் ஆட்டத்தைக் கோடிக்கணக்கானோர் காண்கின்றனர். அதற்குப் பல ஆண்டுகள் முன்னதாக, மூடிய கதவுக்குப் பின்னே நடக்கும் இந்த ஆட்டத்தைக் கண்டோர் மிகச் சிலரே. அதைப்பற்றி நாம் அறிந்தவற்றை இங்கே காண்போமா?

போட்டியை நடத்துவது யார்?

கால்பந்தாட்டத்தின் உலகச் சங்கத்தின் பெயர் ஃபிஃபா. 1904-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள், பாரிஸ் நகரில் ஏழு ஐரோப்பிய நாடுகள் கூடி இதனை நிறுவின. இன்று இதில் 211 நாட்டுச் சங்கங்கள் உறுப்பினராக உள்ளன. நம் இந்தியாவும் அவற்றுள் ஒன்று. இதன் தலைமை அலுவலகம் சுவிட்சர்லாந்திலுள்ள சூரிச் நகரில் இருக்கிறது.

முதல் உலகக் கோப்பைப் போட்டி 1930-ஆம் ஆண்டில் உருகுவே நாட்டில் நடைபெற்றது. அன்று கலந்துகொண்ட அணிகள் 13. 2022-ஆம் ஆண்டில் கத்தார் நாட்டில் நடந்த போட்டியிலோ 32 அணிகள் ஆடின. ஆட்டம் வளர்ந்ததைப் போலவே பணமும் வளர்ந்தது. 2019 முதல் 2022 வரையிலான நான்கு ஆண்டுகளில் ஃபிஃபாவின் வருமானம் 750 கோடி டாலருக்கும் மேல். தொலைக்காட்சி உரிமையும் விளம்பர உரிமையும் இதன் பெரும்பகுதியைத் தருகின்றன.

போட்டியைத் தம் நாட்டில் நடத்த ஏன் இத்தனை நாடுகள் விரும்புகின்றன? ஒரு மாத காலம் உலகத்தின் கண்கள் எல்லாம் அந்நாட்டின்மீது பதிந்திருக்கும். விருந்தினர் இலட்சக்கணக்கில் வருவார்கள். சாலைகளும் விமான நிலையங்களும் மைதானங்களும் எழும்பும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெருமை! வீட்டில் கல்யாணம் வைப்பவர் கடன் வாங்கியாவது பந்தல் போடுவதில்லையா? நாடுகளும் அப்படித்தான்.

இருபத்துநான்கு பேரின் கையில்

இந்தப் பெருமையை வழங்கும் உரிமை நீண்ட காலம் ஃபிஃபாவின் நிர்வாகக் குழுவிடம் இருந்தது. அக்குழுவில் தலைவரையும் சேர்த்து 24 பேர். ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கக் கண்டங்கள், ஓஷியானியா ஆகிய பகுதிகளின் கால்பந்துக் கூட்டமைப்புகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள்.

வாக்களிக்கும் முறை இதுதான். ஒவ்வொருவரும் தாம் விரும்பும் நாட்டிற்கு இரகசியமாக ஒரு வாக்கு அளிப்பர். பாதிக்கு மேல் பெற்ற நாடு வெற்றி பெறும். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், மிகக் குறைந்த வாக்குப் பெற்ற நாடு விலக்கப்பட்டு, மீண்டும் ஒரு சுற்று நடைபெறும். இருவருக்கும் சமமாக வாக்கு விழுந்தால், முடிவு சொல்லும் உரிமை தலைவருக்கு உண்டு.

தோழியரே, இங்கே சிறு கணக்கொன்று போட்டுப் பாருங்கள். 24 பேரில் 13 பேர் இசைந்தால் போதும், வெற்றி உறுதி. போட்டி கடுமையாக இருந்தால், ஒருவர் அல்லது இருவரின் வாக்கே முடிவை மாற்றிவிடும். ஒரு நாட்டு மக்களையெல்லாம் விலைக்கு வாங்குதல் இயலாது. ஒருவரை வாங்குதல் இயலும் என்று நினைப்பவர் எங்கும் உண்டு.

ஒரே ஒரு வாக்கு

அந்த ஒரு வாக்கின் மதிப்பை உலகம் கண்டது 2000-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாளில். 2006-ஆம் ஆண்டுப் போட்டியை எங்கே நடத்துவது என்று சூரிச் நகரில் வாக்கெடுப்பு நடந்தது. இரண்டாம் சுற்றில் ஜெர்மனிக்கு 11, தென் ஆப்பிரிக்காவுக்கு 11, இங்கிலாந்துக்கு 2. இங்கிலாந்து வெளியேறியது. கடைசிச் சுற்றில் ஜெர்மனிக்கு 12, தென் ஆப்பிரிக்காவுக்கு 11. கூட்டினால் 23 தானே வருகிறது? மீதி ஒரு வாக்கு எங்கே?

ஓஷியானியாவின் பிரதிநிதியான நியூசிலாந்தின் சார்லி டெம்ப்சி என்னும் முதியவர் கடைசிச் சுற்றில் யாருக்கும் வாக்களிக்கவில்லை. இங்கிலாந்து விலகினால் தென் ஆப்பிரிக்காவை ஆதரிக்கவேண்டும் என்பதே அவருடைய கூட்டமைப்பு அவருக்குச் சொல்லியனுப்பியது. அவர் அவ்வாறு செய்திருந்தால் 12க்கு 12 ஆகியிருக்கும். முடிவு தலைவர் செப் பிளாட்டரின் கைக்குப் போயிருக்கும். அவரோ தென் ஆப்பிரிக்காவின் பக்கம் இருப்பவர் என்று கருதப்பட்டவர். தாங்க முடியாத நெருக்கடி தமக்கு ஏற்பட்டது என்று டெம்ப்சி பின்னர் கூறினார். அவர் இலஞ்சம் வாங்கினார் என்று எவரும் மெய்ப்பிக்கவில்லை.

இதில் வேடிக்கை ஒன்றும் நடந்தது. வாக்கெடுப்புக்கு முந்தின இரவு, 'டைட்டானிக்' என்னும் ஜெர்மன் நகைச்சுவை இதழ், குழு உறுப்பினர் சிலருக்குப் பொய்க் கடிதம் அனுப்பியது. ஜெர்மனிக்கு வாக்களித்தால் குயில் கூவும் கடிகாரமும் பன்றித்தொடைக் கறியும் பரிசாகத் தருகிறோம் என்று அதில் எழுதியிருந்தது! படித்தபோது நாங்கள் சிரித்துவிட்டோம். பிறகுதான் யோசித்தோம். இப்படி ஒரு கடிதத்தை விளையாட்டாக எழுதலாம் என்று ஓர் இதழுக்குத் தோன்றியது ஏன்? அக்குழுவைப்பற்றி ஊரில் அப்படிப் பேச்சு இருந்ததனால்தானே?

அந்த வெற்றியையும் சந்தேகம் விடவில்லை. 15 ஆண்டுகள் கழித்து, 2015-ஆம் ஆண்டில், ஜெர்மனி 67 இலட்சம் யூரோ பணத்தை மறைமுகமாகக் கையாண்டு வாக்குகளை வாங்கியதாக 'டெர் ஷ்பீகல்' இதழ் குற்றஞ்சாட்டியது. ஜெர்மன் கால்பந்துச் சங்கம் வழக்கறிஞர்களைக் கொண்டு ஆராய்ந்தது. வாக்குகள் வாங்கப்பட்டதற்குச் சான்று இல்லை. ஆனால் வாங்கப்படவே இல்லை என்று கூறவும் இயலாது என்பதே 2016-இல் அவர்கள் தந்த முடிவு. எங்கள் வகுப்பில் நாங்கள் தலைகுனிந்து நின்ற நிலையும் இதுதானே!

நல்ல காரியத்தின்மீதும் கறை

நான்கு ஆண்டுகள் கழித்து, 2004 மே 15-ஆம் நாள், தென் ஆப்பிரிக்கா வென்றது. அதற்கு 14 வாக்கு; மொராக்கோவுக்கு 10; எகிப்துக்கு ஒன்றுமில்லை. சூரிச்சுக்கு நெல்சன் மண்டேலாவே வந்திருந்தார். 27 ஆண்டுகள் சிறையில் இருந்த அம்முதியவர் உலகக் கோப்பையைக் கையில் ஏந்தி நின்ற படத்தைக் கண்டால் இன்றும் நெஞ்சம் நெகிழும். 2010-இல் நடந்த அப்போட்டியே ஆப்பிரிக்கக் கண்டத்தில் நடந்த முதல் உலகக் கோப்பை.

ஆனால் அதன்பின் வெளிவந்தது என்ன? நிர்வாகக் குழுவில் உறுப்பினராயிருந்த அமெரிக்கர் சக் பிளேசர், 2013 நவம்பரில் நியூயார்க் நகர நீதிமன்றம் ஒன்றில் தம் குற்றங்களை ஒப்புக்கொண்டார். தாமும் குழுவின் வேறு சிலரும் 2010-ஆம் ஆண்டுப் போட்டிக்குத் தென் ஆப்பிரிக்காவைத் தேர்ந்தெடுப்பது தொடர்பாக இலஞ்சம் பெற இசைந்ததாகக் கூறினார். 1998-ஆம் ஆண்டுப் போட்டிக்கான தேர்விலும் இலஞ்சம் கைமாற உதவியதாகச் சொன்னார். அவருடைய வாக்குமூலம் 2015 ஜூன் மாதத்தில்தான் வெளியிடப்பட்டது.

டிரினிடாட் நாட்டைச் சேர்ந்த குழு உறுப்பினர் ஜாக் வார்னரின் பொறுப்பிலிருந்த கணக்குகளுக்கு ஒரு கோடி டாலர் சென்றதென்பது அமெரிக்க அரசு வழக்கறிஞர்களின் குற்றச்சாட்டு. பணம் சென்றதைத் தென் ஆப்பிரிக்கா மறுக்கவில்லை. அது கரிபியத் தீவுகளில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் கால்பந்து வளர்ச்சிக்குக் கொடுத்த நன்கொடை, இலஞ்சமன்று என்றது. வார்னரும் குற்றத்தை மறுத்தார். 2015-இல் ஃபிஃபா அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது.

தென் ஆப்பிரிக்காவுக்குப் போட்டி கிடைத்தது நியாயமே என்று நாமும் நினைக்கிறோம். ஆயினும், நியாயமாகக் கிடைக்கவேண்டியது நியாயமான வழியில்தான் கிடைத்ததா என்ற கேள்வி அதன்மேல் ஒட்டிக்கொண்டது. கோப்பையை ஏந்திய அந்த மூத்தவரின் மகிழ்ச்சியின்மீது யாரோ மை தெளித்துவிட்டார்கள்.

2010 டிசம்பர் 2

எல்லாவற்றிலும் பெரிய சர்ச்சை 2010 டிசம்பர் 2-ஆம் நாள் சூரிச்சில் நடந்த வாக்கெடுப்பால் எழுந்தது. அன்று ஒன்றன்று, இரண்டு போட்டிகளுக்கு ஒரே நாளில் இடம் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்று 2018-க்கு, மற்றொன்று 2022-க்கு.

வாக்கெடுப்புக்குச் சில வாரங்கள் முன்பே இலண்டன் 'சண்டே டைம்ஸ்' இதழின் நிருபர்கள், வேறு ஆட்களைப்போல் நடித்து உறுப்பினர் சிலரைச் சந்தித்தார்கள். நைஜீரியாவின் ஆமோஸ் ஆடாமு, தாஹிதித் தீவின் ரெனால்ட் டெமாரி ஆகிய இருவரும் பணத்தைப்பற்றிப் பேசியது படமாக்கப்பட்டது. ஃபிஃபா இருவரையும் விலக்கிவைத்தது. எனவே 24 பேருக்குப் பதில் 22 பேரே வாக்களித்தார்கள்.

2018-ஆம் ஆண்டுப் போட்டி ரஷ்யாவுக்குப் போயிற்று. இரண்டாம் சுற்றில் அதற்கு 13 வாக்கு. இங்கிலாந்தோ முதற்சுற்றிலேயே 2 வாக்குகளுடன் வெளியேறியது.

2022-ஆம் ஆண்டுப் போட்டிக்கு ஐந்து நாடுகள் விண்ணப்பித்தன. முதற்சுற்றில் கத்தாருக்கு 11, தென் கொரியாவுக்கு 4, அமெரிக்காவுக்கு 3, ஜப்பானுக்கு 3, ஆஸ்திரேலியாவுக்கு 1. நான்காம் சுற்றில் கத்தாருக்கு 14, அமெரிக்காவுக்கு 8. கத்தார் வென்றது! உலகம் வியந்தது.

ஏன் வியப்பு? எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை கத்தாரின் தலைநகரான தோஹாவில் வேலை பார்க்கிறார். ஜூன், ஜூலை மாதங்களில் வெயில் 40 பாகையைத் தாண்டும். மதிய நேரத்தில் கம்பியைத் தொட்டால் கை பொசுங்கும் என்று அவர் தொலைபேசியில் சொல்வாராம். உலகக் கோப்பை வழக்கமாக நடப்பது அந்த மாதங்களில்தான். கடும் வெப்பம் ஆட்டக்காரருக்கும் பார்வையாளருக்கும் இடராகலாம் என்று ஃபிஃபாவின் ஆய்வாளர்களே வாக்கெடுப்புக்கு முன் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எச்சரிக்கையைப் படித்தபின்னும் 14 பேர் அந்நாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். முடிவில் போட்டியையே குளிர்காலத்திற்கு மாற்ற நேர்ந்தது. 2022 நவம்பர் 20 முதல் டிசம்பர் 18 வரை அது நடைபெற்றது.

ஒரு அறையில் சிலர் போட்ட சீட்டின் பாரம் எங்கே போய் இறங்கியது என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். எட்டு மைதானங்களில் ஏழு புதிதாகக் கட்டப்பட்டவை. அவற்றைக் கட்டியவர்கள் இந்தியா, நேபாளம், வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புக்குச் சென்ற தொழிலாளர்கள். அவர்களுள் உயிரிழந்தவர்களும் உண்டு. எத்தனை பேர் என்பதில் இன்றும் கருத்து வேற்றுமை இருக்கிறது. ஒரு வீட்டில் ஒருவர் திரும்பி வரவில்லை என்றால் அந்த வீட்டிற்கு அதுவே முழுக்கணக்கு. வாக்களித்தவர்கள் எந்தக் காரணத்திற்காக வாக்களித்தார்கள் என்று கேட்க அந்த வீட்டாருக்கு உரிமை உண்டல்லவா?

விசாரணையும் வெளிவராத அறிக்கையும்

எதிர்ப்பு வலுத்ததும் ஃபிஃபா ஒரு விசாரணையாளரை நியமித்தது. அவர் மைக்கேல் கார்சியா, நியூயார்க்கில் அரசு வழக்கறிஞராக இருந்தவர். அவர் பல நாடுகளுக்குச் சென்று விசாரித்து, 400 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையை 2014 செப்டம்பரில் அளித்தார். ரஷ்யக் குழுவினர் பயன்படுத்திய கணினிகள் வாடகைக்கு எடுத்தவை என்றும், பின்னர் அவை அழிக்கப்பட்டுவிட்டன என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது.

ஆனால் அந்த அறிக்கை வெளியிடப்படவில்லை. ஃபிஃபாவின் ஒழுக்கநெறிக் குழுவிலிருந்த ஜெர்மன் நீதிபதி எக்கர்ட், 42 பக்கச் சுருக்கத்தை மட்டும் நவம்பர் 13-இல் வெளியிட்டார். குறைகள் இருந்தாலும் வாக்கெடுப்பை மீண்டும் நடத்தும் அளவுக்கு அவை பெரியவையல்ல என்றார். அன்றே கார்சியா, அச்சுருக்கம் முழுமையற்றது, பிழைகள் உள்ளது என்று மறுப்புத் தெரிவித்தார். டிசம்பரில் பதவியையும் துறந்தார். முழு அறிக்கை வெளிவந்தது 2017 ஜூன் மாதத்தில், அதுவும் ஒரு ஜெர்மன் நாளிதழின் கையில் அது சிக்கிய பிறகுதான்.

நடுநிலை தவறாமல் இன்னொன்றையும் சொல்லவேண்டும். தோற்ற நாடுகளும் முற்றிலும் தூய்மையானவை அல்ல. இங்கிலாந்துக் குழுவினர் ஜாக் வார்னரின் தயவைப் பெறுவதற்காகக் கரிபியக் கால்பந்துச் சங்கத்தின் விருந்து ஒன்றுக்கு 55,000 டாலர் செலவு செய்ததை அதே சுருக்கம் கண்டித்தது. மிட்டாய் தந்தவள் ஒருத்திதான் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. தராமல் தோற்றவளும், தந்தும் தோற்றவளும் வேறு வேறு!

அதிகாலையில் வந்த காவலர்

2015 மே 27-ஆம் நாள் அதிகாலை. ஃபிஃபாவின் கூட்டத்திற்காகச் சூரிச்சில் ஒரு பெரிய ஓட்டலில் தங்கியிருந்த அதிகாரிகள் ஏழு பேரைச் சுவிஸ் காவலர்கள் கைது செய்தார்கள். மொத்தம் 14 பேர்மீது அமெரிக்க நீதித்துறை குற்றஞ்சாட்டியது. 24 ஆண்டுக் காலத்தில் 15 கோடி டாலருக்கு மேல் இலஞ்சம் கைமாறியதாகக் கூறப்பட்டது. அவ்வழக்கின் பெரும்பகுதி தொலைக்காட்சி, விளம்பர உரிமைகளைப் பற்றியது. 2018, 2022 வாக்கெடுப்புகளைப்பற்றிச் சுவிஸ் அரசு தனியாக ஒரு விசாரணை தொடங்கி, ஃபிஃபா அலுவலகத்திலிருந்து ஆவணங்களைக் கைப்பற்றியது.

இரண்டு நாள் கழித்துப் பிளாட்டர் மீண்டும் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நான்கே நாளில், ஜூன் 2-ஆம் தேதி, பதவி விலகப்போவதாக அறிவித்தார். பிறகு வேறொரு பணப்பட்டுவாடா தொடர்பாக ஃபிஃபா அவருக்குத் தடை விதித்தது. அதே விவகாரத்தில் சுவிஸ் நீதிமன்றங்கள் 2022-இலும் 2025-இலும் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தன.

2020 ஏப்ரலில் அமெரிக்க வழக்கறிஞர்கள் முதன்முறையாக அந்த வாக்கெடுப்பைப்பற்றியே குற்றப்பத்திரிகையில் எழுதினார்கள். ரஷ்யாவுக்கு வாக்களிக்க வார்னருக்கு 50 இலட்சம் டாலர் தரப்பட்டது என்றும், கத்தாருக்கு வாக்களித்த தென் அமெரிக்கர் சிலர் இலஞ்சம் பெற்றனர் என்றும் குறிப்பிட்டார்கள். ரஷ்யாவும் கத்தாரும் இவற்றை மறுத்தன. அந்நாடுகள் வாக்குகளை விலைக்கு வாங்கின என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளித்ததில்லை.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். அதற்காகப் புகையைக் கண்டதும் இன்னார்தான் கொளுத்தினார் என்று சொல்லிவிட முடியுமா? குற்றச்சாட்டு வேறு; ஒப்புக்கொண்ட குற்றம் வேறு; தீர்ப்பு வேறு. பிளேசர் சொன்னது ஒப்புதல். கத்தாரைப்பற்றிச் சொல்லப்படுவது குற்றச்சாட்டு. இந்த வேற்றுமையை மறந்து பேசினால், நாமும் நீதி தவறியவர்களாவோம்.

இரகசியம் யாருக்குக் காவல்?

நம் பெற்றோர் வாக்குச் சாவடியில் இரகசியமாகத்தானே வாக்களிக்கிறார்கள்? பிறகு இங்கே மட்டும் இரகசியம் ஏன் தவறாகிறது? இக்கேள்வியை நாங்கள் எங்களுக்குள் நெடுநேரம் விவாதித்தோம்.

வாக்குச் சாவடியில் நம் தாய் அளிப்பது அவருடைய சொந்த வாக்கு. பண்ணையாரோ முதலாளியோ அவரை மிரட்டக்கூடாது என்பதற்காக அங்கே திரை கட்டியிருக்கிறார்கள். அந்தத் திரை எளியவருக்குக் காவல். ஃபிஃபா குழுவினரின் வாக்கு அவர்களுடைய சொந்தப் பொருளன்று. பல நாட்டுச் சங்கங்களும், அவற்றின் ஆட்டக்காரர்களும், இரசிகர்களும் நம்பி ஒப்படைத்த பொருள் அது. கணக்குப்பிள்ளை வீட்டுப் பணத்தைச் செலவு செய்தால் கணக்குக் காட்டவேண்டாமா? அங்கே திரை கட்டினால் அது வலியவருக்குக் காவலாகிவிடும்.

இரகசியத்தால் நேர்மையானவரும் நட்டப்பட்டார். 22 பேரில் சிலர் மனச்சாட்சிப்படியே வாக்களித்திருப்பார்கள். அவர்கள் அதை எப்படிக் காட்டுவார்கள்? சீட்டு திறந்த சீட்டாக இருந்திருந்தால் அவர்கள் பெயராவது பிழைத்திருக்கும்.

இதை ஃபிஃபாவும் ஒருவாறு உணர்ந்தது. இனி உறுப்பு நாடுகள் அனைத்தும் வாக்களிக்கும் என்று 2013-இல் முடிவு செய்தது. 2018 ஜூன் 13-ஆம் நாள் மாஸ்கோவில், 2026-ஆம் ஆண்டுப் போட்டிக்கு அவ்வாறே வாக்கெடுப்பு நடந்தது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்த கூட்டணிக்கு 134 வாக்கு, மொராக்கோவுக்கு 65. எந்த நாடு யாருக்கு வாக்களித்தது என்பதும் வெளியிடப்பட்டது. இது பெரிய முன்னேற்றம் என்று பலர் மகிழ்ந்தார்கள்.

அடுத்த முறையோ வாக்குச் சீட்டே தேவைப்படவில்லை! 2030, 2034 ஆகிய இரண்டு போட்டிகளுக்கும் 2024 டிசம்பர் 11-இல் முடிவு செய்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு விண்ணப்பம்தான். 2034-க்கு விண்ணப்பிக்க விரும்பும் நாடுகளுக்குத் தரப்பட்ட அவகாசம் நான்கு வாரத்திற்கும் குறைவு. சவூதி அரேபியா மட்டுமே நின்றது. உறுப்பினர்கள் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். நார்வே நாட்டுச் சங்கம் இம்முறைக்குத் தன் எதிர்ப்பை எழுத்தில் தெரிவித்தது. வாக்கெடுப்பு இருந்து அதில் முறைகேடு நடப்பது ஒரு குறை. தேர்ந்தெடுக்க வேறு ஒருவரும் இல்லாதபடி ஆகிவிடுவது இன்னொரு குறை. கைதட்டலில் யார் கை தட்டியது, யார் கை தட்டாமலிருந்தது என்று எப்படி அறிவது?

நாம் கற்றுக்கொண்டது

கத்தாரில் நடந்த இறுதி ஆட்டத்தை நாங்களும் தொலைக்காட்சியில் கண்டோம். அர்ஜென்டினாவும் பிரான்சும் மும்மூன்று கோல் அடித்து நின்றபோது வீட்டில் ஒருவரும் இருக்கையில் இருக்கவில்லை. மெஸ்ஸி கோப்பையை உயர்த்தியபோது ஆரவாரம் செய்தோம். அந்த ஆட்டம் உண்மையானது. அந்த உழைப்பும் கண்ணீரும் உண்மையானவை. அரபு நாடு ஒன்றில் நடந்த முதல் உலகக் கோப்பை என்ற பெருமையும் உண்மையானது. ஆனால் அந்த மேடை எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் மட்டும் யாராலும் நிச்சயமாகச் சொல்ல இயலவில்லை. நேர்மையாகவே கிடைத்திருந்தாலும் நம்ப ஆளில்லை. கையூட்டுப் பேச்சு செய்யும் பெரிய தீங்கு இதுவே என்று நாங்கள் நினைக்கிறோம். அது தகுதியற்றவரை உயர்த்துகிறது என்பது மட்டுமன்று. தகுதியுள்ளவரின் வெற்றியையும் களவாடிவிடுகிறது.

எங்கள் வகுப்பில் ஒரு வாரம் கழித்து மறுதேர்தல் நடந்தது. அதே துண்டுச் சீட்டு, அதே சாக்பீஸ் டப்பா. மிட்டாய் மட்டும் இல்லை. அதே தோழிதான் வென்றாள். ஆனால் முதல்முறை அவள் முகத்தில் காணாத ஒரு நிம்மதியை அன்று கண்டோம். தோற்றவளே முதலில் எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

உலகக் கோப்பைக்கு மறுதேர்தல் கிடையாது. கட்டிய மைதானங்களை இடித்துவிட்டு மீண்டும் சீட்டு எண்ண முடியாது. போன உயிரைத் திரும்ப அழைக்கவும் முடியாது. அதனால்தான் முதல் தேர்தலே ஒழுங்காக நடக்கவேண்டும். இன்னும் மூன்று ஆண்டுகளில் மாணவியராகிய நமக்கும் வாக்குரிமை வரும். நம்முள் சிலர் நாளை ஏதேனும் ஒரு சங்கத்திலோ குழுவிலோ பிறருக்காக வாக்களிக்கும் இடத்தில் அமரலாம். அன்று, "எதனால் இவர் பெயரை எழுதினாய்?" என்று யாரேனும் கேட்டால், தலை நிமிர்ந்து பதில் சொல்லும் நிலையில் நாம் இருக்கவேண்டும். அதற்கு முதற்படி, முந்தின நாள் மாலை நீட்டப்படும் மிட்டாயை, "வேண்டாம்" என்று அன்போடு மறுத்துவிடுவதே!

— பத்தாம் வகுப்பு மாணவி